ஆட்டத்தின் பேச்சும் ஆட்டத்தின் சட்டமும்

வியாபார ஸ்தாபனங்களை நடத்துகிறவர்களிடையே இன்று ஏறக்குறைய சர்வ சம்மதமாகிவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. பதினொருவரோ எழுவரோ ஒன்றுகூடி ஆடும் விளையாட்டில் ஒவ்வொருவரும் தம் சொந்த லாபத்தை மறந்து குழுவின் வெற்றிக்குத் தம்மை ஒப்புக்கொடுப்பது போலவே, காரியாலயத்திலும் சிப்பந்திகள் ஒரு தலைவரின் கீழ் ஒரே மனதாய் உழைக்க வேண்டும். அந்த உற்சாகத்தை ஊட்டும் வித்தை விளையாட்டு வீரர்களுக்குத் தெரியும். அவர்களை அழைத்துவந்து கேட்டுக்கொண்டால் போதும் என்பதே அது. புணே நகரத்தின் ஹிஞ்சவடியிலும் காரடியிலும் மகர்பட்டாவிலும் கண்ணாடிக் கட்டடங்களில் இயங்கும் மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் ஆட்களை லோணாவளா மலைக்கு அழைத்துச் சென்று கயிறு இழுக்க வைப்பதும், ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களை மேடையேற்றிப் பேச வைப்பதும், குழுத் தலைவரைக் கேப்டன் என்று கூப்பிடுவதும் இந்த அபிப்பிராயத்தின் அனுஷ்டானங்கள். இதைத் தரமாகச் சொன்னவர்களும் உண்டு. ஆமதாபாத் நிர்வாகக் கல்லூரியில் பயின்ற ஹர்ஷா போக்ளேயும் அனிதா போக்ளேயும் 2011-இல் வெளியிட்ட 'தி வின்னிங் வே' என்ற நூல் சிரத்தையோடும் கிரிக்கெட் உலகின் நேரடி அனுபவத்தோடும் எழுதப்பட்டது. அதை அற்பமென்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் அந்த அபிப்பிராயம் அடிப்படையிலேயே பிழையானது என்பதையும், அந்தப் பிழையினால் மனிதர்கள் வருந்துகிறார்கள் என்பதையும் புணேயிலிருந்தே உதாரணங்கள் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளையாட்டுக் குழுவில் உற்சாகம் இருப்பது மெய். அதை மறுப்பவர் ஒரு பந்தயத்தையும் பார்த்திராதவர். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விவாதம். தலைவரின் வாக்கு வன்மையிலிருந்து வருகிறது என்று மேடைப் பிரசங்கிகள் சொல்கிறார்கள். ஆட்டத்தின் அமைப்பிலிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன். இரு தரப்பும் ஆட்டம் தொடங்குமுன்பே அறிந்து ஒப்புக்கொண்ட விதிகள், எந்தத் தரப்புக்கும் கடமைப்படாத நடுவர், பார்க்க வந்த அத்தனை பேர் கண்ணுக்கும் தெரியும்படி எழுதப்படும் கணக்கு, இன்ன நேரத்தில் ஆட்டம் முடிந்தது என்று கலைந்துபோகும் உரிமை, அவரவர் செய்ததை அவரவர் பெயரில் பதியும் நேர்மை ஆகிய இவையெல்லாம் சேர்ந்த ஒரு நியாயமான ஏற்பாட்டுக்குள் நிற்கும் மனிதனுக்கு உற்சாகம் தானாகவே பிறக்கிறது. யாரும் வந்து ஊட்டவேண்டியதில்லை. காரியாலயங்கள் இந்த ஏற்பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல், ஏற்பாட்டின் பலனாகிய உற்சாகத்தை மட்டும் பேச்சினால் வரவழைக்கப் பார்க்கின்றன.

முதலில், அபிப்பிராயக்காரர்கள் தமக்குச் சாதகமென்று காட்டக்கூடிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கப்பட்டபோது, அந்த இடைவெளியை நிரப்ப ஐ.பி.எல். போட்டியில் சேர்க்கப்பட்ட அணிகளில் ஒன்று புணேயின் ரைசிங் புணே சூப்பர்ஜெயன்ட்ஸ். சஞ்சீவ் கோயங்கா அதன் உரிமையாளர். 2016-இல் மகேந்திர சிங் தோனி தலைவர். அந்த ஆண்டு அது 14 பந்தயங்களில் ஐந்தில் மட்டும் வென்று, எட்டு அணிகளில் ஏழாவதாக நின்றது. 2017 பிப்ரவரியில் தோனியிடமிருந்து தலைமையை எடுத்து ஸ்டீவ் ஸ்மித்திடம் கொடுத்தார்கள். பருவத்தின் தொடக்கத்திலேயே உரிமையாளரின் சகோதரர் ஸ்மித்தை உயர்த்தியும் தோனியைத் தாழ்த்தியும் ட்விட்டரில் பகிரங்கமாக எழுதினார். அணி ஒன்பது பந்தயங்களில் வென்று பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. மே 21-ஆம் தேதி ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் மும்பை எடுத்த 129 ஓட்டங்களுக்கு 128 எடுத்து, ஒரே ஓட்டத்தில் கோப்பையை இழந்தது. இதிலிருந்து பெறப்படும் போதனை எல்லோருக்கும் தெரியும்: தலைவரை மாற்றினார்கள், குழுவின் மனோபாவம் மாறியது, உங்கள் நிறுவனத்திலும் தைரியமாக அப்படியே செய்யுங்கள்.

நடந்தவற்றை நெருங்கிப் பார்த்தால் இந்தப் போதனை நிற்பதில்லை. 2016-இல் அந்த அணி தோற்றதற்கான காரணங்கள் ரகசியமானவை அல்ல. கெவின் பீட்டர்சன், டூப்ளசி, மிட்செல் மார்ஷ், பின்னால் தலைவராக்கப்பட்ட அதே ஸ்மித் ஆகிய நால்வரும் காயம்பட்டுப் பாதியில் ஊர் திரும்பினார்கள். மகாராஷ்டிரத்தில் வறட்சி கடுமையாயிருந்ததால், ஏப்ரலுக்குப் பிறகு அந்த மாநிலத்தில் பந்தயங்கள் நடத்தக்கூடாதென்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, கஹுஞ்சே மைதானத்துச் சொந்த ஆட்டங்கள் விசாகப்பட்டினத்துக்குப் போயின. எந்தத் தலைவரின் பேச்சு இவற்றைச் சரிசெய்திருக்கும்? அடுத்த ஆண்டின் ஏற்றத்துக்கும் அப்படியே பருப்பொருளான காரணங்கள் இருக்கின்றன. பென் ஸ்டோக்ஸை 14.5 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். 30 லட்சத்துக்கு வாங்கப்பட்ட ஜெயதேவ் உனத்கட் 24 விக்கெட்டுகள் எடுத்தார். ஏலத்தில் யாருமே கேட்காத இம்ரான் தாஹிர், காயம்பட்ட மார்ஷுக்குப் பதிலாக வந்து 18 விக்கெட்டுகள் எடுத்தார். மகாராஷ்டிர அணியில் ஆடிவந்த ராகுல் திரிபாதி, 10 லட்ச ரூபாய்க்கு வந்தவர், 391 ஓட்டங்கள் குவித்தார். அஸ்வினால் ஆட முடியாமற் போனதால் அழைக்கப்பட்ட நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர், பதினேழு வயதில், வான்கடே மைதானத்தில் மும்பைக்கு எதிரான தகுதிப் பந்தயத்தில் 16 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார்.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. என் வாதத்துக்கு அதுவே முக்கியமானது. திரிபாதியின் கூலியைப் போல ஸ்டோக்ஸின் கூலி 145 மடங்கு. ஒரே உடுப்பு அணிந்து ஒரே களத்தில் நின்ற இருவருக்குள் இத்தனை பேதம் இருந்தும் அணி உடையவில்லை. ஏன்? அந்த விலைகள் ஏல மண்டபத்தில் உலகறியக் கூவப்பட்டவை. திரிபாதி அடித்த ஒவ்வொரு ஓட்டமும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. அவருடைய மதிப்பை அடுத்த ஏலம் வரையில் யாராலும் மறைக்க முடியாது. 2018-இல் கொல்கத்தா அணி அவரை 3.4 கோடிக்கு வாங்கியது. காரியாலயத்தில் சம்பளம் பரம ரகசியம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அதைச் சொல்வதே குற்றமாகக் கருதப்படுகிறது. இளையவர் இரவு கண்விழித்து எழுதிய திட்டம் மூத்தவரின் பெயரில் மேலிடத்துக்குப் போவது அங்கே நித்திய வழக்கம். தலைமை பறிக்கப்பட்ட தோனி, அதே தகுதிப் பந்தயத்தில் 26 பந்துகளில் 40 ஓட்டங்கள் எடுத்து, தம்மைத் தாழ்த்திப் பேசியவர்களுக்கு மட்டையால் பதில் சொல்ல முடிந்தது. பதவி குறைக்கப்பட்ட ஒரு மேலாளருக்கு அப்படிப் பதில் சொல்லக் களம் எங்கே இருக்கிறது?

தலைமையின் மகிமையை நான் குறைத்துப் பேசுவதாகச் சிலர் ஆட்சேபிக்கலாம். புணே ஒரு மகத்தான தலைவரைக் கண்ட ஊர்தான். சமஸ்கிருதப் பேராசிரியராயிருந்த தினகர் பல்வந்த் தேவ்தர், 1939-40, 1940-41 ஆகிய இரு பருவங்களிலும் மகாராஷ்டிர அணியை ரஞ்சிக் கோப்பை வெல்லச் செய்தவர்; இரண்டாவது முறை இறுதியில் தோற்றது நம் சென்னை மாகாண அணி. அவர் சொல்லுக்கு இளைஞர்கள் கட்டுப்பட்டதன் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 48-வது வயதில், பம்பாய் அணியின் பந்துவீச்சை அதே வெயிலில் அதே ஆடுகளத்தில் எதிர்கொண்டு 246 ஓட்டங்கள் எடுத்த மனிதர் அவர். ஆட்டத்தில் தலைவரும் ஆட்டக்காரரே. அவர் பூஜ்யத்துக்கு ஆட்டமிழந்தால் அந்தப் பூஜ்யம் மற்றவர்களுடைய எண்களுக்கு நடுவே அதே பலகையில் எழுதப்படும். காரியாலயத்துத் தலைவரோ பெரும்பாலும் ஆடுகிறவர் அல்லர். ஆடுகிறவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர். தலைவர், நடுவர், கணக்கெழுதுகிறவர், தேர்வுக்குழு ஆகிய நான்கு அதிகாரங்களும் ஒரே நபரிடம் குவிந்திருக்கும் இடத்தை விளையாட்டுக் குழு என்று வர்ணிப்பது, எத்தனை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

அந்த மதிப்பெண் போடும் முறையையும் சற்றுக் கவனிக்க வேண்டும். நெடுங்காலமாக இந்நாட்டின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் வருஷாந்தர அப்ரைசல் பெல் கர்வ் என்ற கோட்டை அனுசரித்தே நடந்துவந்தது. ஒரு குழுவில் இத்தனை பேர் மிகச் சிறந்தவர், இத்தனை பேர் நடுத்தரம், இத்தனை பேர் கடையர் என்று விகிதத்தை முன்கூட்டியே வகுத்துவிட்டு, மனிதர்களை அதற்குள் பொருத்துவது அம்முறை. எல்லோரும் நன்றாக உழைத்த ஆண்டிலும் யாராவது ஒருவர் கடையராகித்தான் தீர வேண்டும். மைக்ரோசாப்ட் 2013-இலும், ஹிஞ்சவடியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் இன்போசிஸ் 2015-இலும் இம்முறையைக் கைவிட்டன. வேறு பெயர்களில் அது இன்னும் பல இடங்களில் உயிரோடிருக்கிறது. பதினொருவரில் இருவர் எப்படி ஆடினாலும் பிரயோஜனமற்றவர் என்று பருவத்துக்கு முன்பே விதிக்கும் கிரிக்கெட் எந்த தேசத்தில் இருக்கிறது? அப்படி விதித்தால், எல்லைக்கோட்டருகே நிற்பவன் தன் தோழன் பிடிக்கவேண்டிய பந்து நழுவ வேண்டுமென்றல்லவா பிரார்த்திப்பான்? காலையில் குழு ஒற்றுமையைப் பற்றிப் பேச்சாளரை அழைத்துப் பேசவைத்துவிட்டு, மார்ச் மாதத்தில் தோழனுக்கு எதிராகத் தோழனை நிறுத்தும் நிர்வாகம், எந்த மனிதனையும் நம்பவைக்கப் போவதில்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு நம் கபடியில் இருக்கிறது. புணேயில் அதற்கு இப்போது பெரிய கீர்த்தி. புணேரி பல்டன் அணி 2022 டிசம்பரில் இறுதிப் பந்தயத்தில் ஜெய்ப்பூரிடம் 33-29 என்று தோற்று, அதற்கடுத்த பருவத்தில், 2024 மார்ச் 1-ஆம் தேதி, பி. சி. ரமேஷின் பயிற்சியிலும் அஸ்லம் இனாம்தாரின் தலைமையிலும், ஹரியாணா அணியை 28-25 என்று வென்று கோப்பையை எடுத்தது. இந்த வெற்றியையும் மன உறுதி, விடாமுயற்சி என்று பாடமாக்கிவிட்டார்கள். அந்த ஆட்டத்தின் விதியில் ஒளிந்திருக்கும் பாடத்தை யாரும் எடுப்பதாகக் காணோம். கபடியில் தொடப்பட்டு வெளியேறியவன் தள்ளப்பட்டவன் அல்லன். அவன் கோட்டுக்கு வெளியே காத்திருக்கிறான். தோழன் எதிராளியை வீழ்த்திப் புள்ளி பெற்றதும், வெளியேறிய வரிசைப்படியே ஒருவன் மீண்டும் உள்ளே வருகிறான். பாடிச் செல்பவன் முப்பது விநாடிக்குள் மூச்சடக்கி எதிரியின் களத்தில் உழலும்போது, தன் கீர்த்திக்கு உழைக்கிற அதே செயலால் வெளியே நிற்கும் தோழனையும் மீட்கிறான். தன் லாபமும் தோழனின் லாபமும் ஒரே செயலில் சேரும்படி விதியை அமைத்த முன்னோர் எத்தனை பெரிய நிர்வாகிகள்! அங்கே தியாகத்தைப் பற்றிப் பிரசங்கம் தேவையில்லை. ஒருவர் ஒரு காலாண்டில் தவறியதற்காக மீளமுடியாமல் முத்திரை குத்தப்படும் காரியாலயத்தில், அதே பிரசங்கத்தை ஆயிரம் முறை செய்தாலும் பயனில்லை.

இதெல்லாம் வெறும் தர்க்கம், இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2024 ஜூலையில், புணேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த ஓர் இளம் பெண் காலமானார். செப்டம்பரில் அவருடைய தாயார் அந்நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதிய கடிதம் வெளியாகி தேசமெங்கும் படிக்கப்பட்டது. பணிச்சுமை தாளாமல் பலர் ஏற்கெனவே விலகிப்போன ஒரு குழுவில் தம் மகள் சேர்க்கப்பட்டதையும், அந்தக் குழுவைப் பற்றிய எல்லோருடைய எண்ணத்தையும் நீ நிலைத்திருந்து மாற்றிக்காட்ட வேண்டும் என்று மேலாளர் அவளிடம் சொன்னதையும் அந்தத் தாய் எழுதியிருந்தார். மேலாளர் கிரிக்கெட் பந்தயங்களை உத்தேசித்துக் கூட்டங்களின் நேரத்தை அடிக்கடி மாற்றினார் என்றும், நாள் முடிகிற வேளையில் வேலையை ஒப்படைத்தார் என்றும் அக்கடிதம் சொல்லியது. பணிச்சுமையே மரணத்துக்குக் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. அந்த விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல நான் அதிகாரியல்லன். ஆனால் குழுவின் மானத்தைக் காப்பாற்று என்ற அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அது மைதானத்துப் பேச்சு. மைதானத்தில் அதைச் சொல்லும்போது மாலையில் ஆட்டம் நின்றுவிடும். களைத்தவனுக்குப் பதிலாள் வருவான். காயம்பட்டவனை ஆடச்சொன்னால் நடுவரும் வைத்தியரும் குறுக்கே நிற்பார்கள். இவை ஒன்றுமில்லாத இடத்தில், ஊரைவிட்டு வந்து தனியறையில் தங்கியிருக்கும் ஒரு குழந்தையிடம் அதே பேச்சைப் பேசினால், அது எல்லையற்ற உழைப்புக்கு இடும் கட்டளையாகிறது.

காரியாலயங்களுக்கும் ஆட்ட விதி இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுக் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம் நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு கட்டியது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்றும் சொல்லியது. அந்த மரணத்துக்குப் பின் தொழிலாளர் துறை அதிகாரிகள் சென்று பார்த்தபோது, அந்தப் புணே காரியாலயம் இத்தகைய சட்டப்படியான பதிவு இல்லாமலே 2007 முதல் இயங்கிவந்ததாகத் தெரிவித்தார்கள். பதினேழு ஆண்டுகள் நடுவரில்லாமல் ஆட்டம் நடந்திருக்கிறது! தேசத்துப் பெரிய நிறுவனங்களின் மேடைகளில் ஏறும் விளையாட்டு வீரர்களில் ஒருவராவது, நடுவர் எங்கே, ஆட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று அங்கே கேட்டதாக நான் அறியேன்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் மிஞ்சுகிறது, அதுவே பலமானது. நியாயம், விதி, கூலி என்று ஒவ்வொருவரும் எழுந்து கேட்க ஆரம்பித்தால் குழு சிதைந்துபோகும். குழு மனப்பான்மை என்பது மனஸ்தாபத்தை விழுங்கிக்கொண்டு ஆடுவதுதான் என்பார்கள். இதற்குப் புணேயின் மிகப் பழைய கிரிக்கெட் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1890-களில் பூனா ஐரோப்பியர் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு மைதானத்தை உருட்டவும் வலை கட்டவும் வேலைக்கிருந்தவர். கிரெய்க் முதலிய வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் பழகுவதற்காக அவரை மணிக்கணக்காகப் பந்துவீசச் சொன்னார்கள். மட்டையைத் தொட விட்டதில்லை. அவருடைய திறமை ஊரறிந்த பின் பூனா ஹிந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள்; தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கட்டடத்துக்கு வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். ஒரே குழு, ஒரே வெற்றி, ஒரே மனம் என்ற மொழியெல்லாம் அன்றும் இருந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1911-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்ற பாலு நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்துத் திரும்பினார். பம்பாயில் ஹிந்து அணிக்காகப் பல ஆண்டுகள் அவர் உழைத்தும், தலைமை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் அதே அணியில் புகழ்பெற்ற மட்டையாளர்கள். 1920-இல் தலைமைப் பிரச்சினையில் தங்கள் குடும்பம் பிறப்பின் காரணமாகவே ஒதுக்கப்படுகிறது என்று கண்ட அவ்விருவரும், பகிரங்கமாக அறிக்கை விட்டு, அணியிலிருந்து விலகி நின்றார்கள். இன்றைய நிர்வாகப் புத்தகங்களின்படி அது குழு மனப்பான்மையற்ற செயல். மதிப்பெண் குறைக்கத்தக்க செயல். அந்த விலகலுக்குப் பின்னரே தேர்வாளர்கள் இறங்கிவந்து பாலுவைத் துணைத் தலைவராக்கினார்கள். 1923-இல் விட்டல் பல்வங்கர் ஹிந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டு நாற்கோணப் போட்டியின் இறுதியில் அவருடைய அணி ஐரோப்பியரை வென்றது.